டிபிஎஃப் லைட் வாரா வாரம் எரியுது, கழட்டிடலாமா?

அடுத்த கேள்வி டிபிஎஃப் பத்தி, அதாவது டீசல் புகையில வர்ற கரியைப் பிடிக்கிற ஃபில்டர் பத்தி. காரைக்குடியில இருந்து ஒரு டிரைவர் அண்ணன் அனுப்பியிருக்காங்க. "பிஎஸ்6 டீசல் வண்டி. கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர்னு செட்டியார் வீடு பாக்க வர்றவங்களை ஏத்திட்டுப் போறேன். வாரம் ஒரு தடவை டிபிஎஃப் லைட் வருது. டிப்ஸ்டிக்ல ஆயில் மேல் கோட்டைத் தாண்டி நிக்குது. டிபிஎஃப்பைக் கழட்டிட்டு வெறும் பைப் போட்டுக்கலாம்னு சொல்றாங்க. செய்யலாமா?"

அண்ணே, கழட்டாதீங்க. ஆனா முதல்ல அந்த ஆயிலைக் கவனிங்க, அதுதான் அவசரம்.

டிபிஎஃப் உள்ள பாத்தா தேன்கூடு மாதிரி செராமிக். ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு பக்கம் அடைப்பு. புகை பக்கத்துச் சுவர் வழியா ஊறித்தான் வெளிய போகணும், கரி சுவர்லயே தங்கிடும். தங்குன கரியை எரிக்க 600 டிகிரி சூடு வேணும். அந்தச் சூட்டுக்காக இஞ்சின் கம்ப்யூட்டர் கூடுதலா டீசல் அடிக்கும். நிறைய வண்டியில அதை இன்ஜெக்டர் வழியா, பவர் ஸ்ட்ரோக் முடியிற நேரத்துல சிலிண்டருக்குள்ளயே அடிக்கிறாங்க. அதுல கொஞ்சம் சிலிண்டர் சுவர்ல வழிஞ்சு இஞ்சின் அடியில ஆயில் தேங்குற சம்ப்ல இறங்கும். எரிப்பு முழுசா முடிஞ்சா பிரச்சனை இல்ல. பாதியில வண்டியை நிறுத்தி நிறுத்தி, அது திரும்பத் திரும்பத் தொடங்குறப்போதான் ஆயில்ல டீசல் கூடிக்கிட்டே போகும். உங்க ஆயில் ஏறினதுக்கு இதுதான் காரணமா இருக்கும். டீசல் கலந்த ஆயில் நீர்த்துப் போய் பேரிங்கையும் டர்போவையும் தின்னுடும். கிலோமீட்டர் கணக்கெல்லாம் பாக்காம உடனே மாத்துங்க.

ஏன் உங்களுக்கு மட்டும் வாரா வாரம் வருது? உங்க ஓட்டம் எல்லாம் பத்து, பதினஞ்சு கிலோமீட்டர். வந்தவங்க வீட்டைச் சுத்திப் பாக்குற அரை மணி நேரமும் ஏசி போட்டு இஞ்சின் ஓடும். ஐடில்ல புகையோட சூடு 200 டிகிரிகூடத் தாண்டாது, கரி மட்டும் சேரும். ஏசிக்காக ஐடில்ல விடுறதை முதல்ல குறைங்க.

லைட் நிலையா எரிஞ்சா, காரைக்குடி தாண்டி திருமயம், புதுக்கோட்டை பக்கம் ஒரு ஓட்டம் விடுங்க. 60லிருந்து 80 வேகம், ஆர்பிஎம் 2000க்கு மேல நிக்கிற கியர், 20 நிமிஷம் நிறுத்தாம. டீசல் ரிசர்வுல இருந்தா நிறைய வண்டியில எரிப்பே தொடங்காது, கால் டேங்குக்கு மேல வச்சுக்கோங்க. ஐடில் ஆர்பிஎம் ஏறியிருக்கு, ரேடியேட்டர் ஃபேன் வேகமா சுத்துது, ஒரு சூட்டு வாசனை வருதுன்னா எரிப்பு நடக்குது. அப்ப ஆஃப் பண்ணாதீங்க. முடிஞ்ச கையோட காஞ்ச புல், வைக்கோல் மேல நிறுத்தாதீங்க. அறுவடை நேரத்துல ரோட்டுல பரப்பியிருக்கிற வைக்கோல் அடியில சுத்திக்கிட்டா அதையும் எடுத்துடுங்க, தீப்பிடிக்கும்.

லைட் மினுக்கினாலோ, இழுவை குறைஞ்சாலோ ஓட்டி எரிக்கப் பாக்காதீங்க. ஸ்கேனர் போட்டு ஒர்க்‌ஷாப்ல எரிக்கணும், அதுக்கப்புறமும் ஆயில் மாத்தணும்.

இவ்வளவும் செஞ்சும் திரும்ப வந்தா டிபிஎஃப்பைக் குத்தம் சொல்லாதீங்க. அது கரியைப் பிடிக்குது, கரி எங்க இருந்து வருதுன்னுதான் பாக்கணும். ஒழுகுற இன்ஜெக்டர், திறந்தே நிக்கிற ஈஜிஆர் வால்வு (புகையில கொஞ்சத்தை இஞ்சினுக்கே திருப்பி விடுறது), வெடிச்ச இன்டர்கூலர் ஹோஸ், ஆயில் விடுற டர்போ. தெர்மோஸ்டாட்டை நிறைய பேர் மறந்துடுறாங்க. அது திறந்தே மாட்டிக்கிட்டா இஞ்சின் சூடு ஏறாது, எரிப்பும் தொடங்காது. அப்புறம் டிபிஎஃப் பிரஷர் சென்சார். இஞ்சின் ஆஃப், சாவி மட்டும் ஆன்ல வச்சு ஸ்கேனர்ல பாத்தா பூஜ்யம் காட்டணும். காட்டலைன்னா சென்சாரே பொய் சொல்லுது. அதோட ரெண்டு ரப்பர் ஹோஸும் வெடிச்சிருக்கா, அடைச்சிருக்கான்னு கழட்டிப் பாருங்க. சில நூறு ரூபாய் ஹோஸுக்காக முழு டிபிஎஃப்பை மாத்திடாதீங்க.

கரி எரிஞ்சு போயிடும், சாம்பல் போகாது. இஞ்சின் ஆயில்ல இருக்கிற உலோகச் சேர்மானம்தான் அந்தச் சாம்பல். அதனாலதான் லோ சாப்ஸ், அதாவது சாம்பல் கம்மியா விடுற ஆயில் ஊத்தச் சொல்றது. கையேட்டுல சி2, சி3ன்னு எந்த ஆயில் கிரேடு போட்டிருக்கோ அது மட்டும். ஒரு லட்சம், ஒன்றரை லட்சம் ஓடின பிறகு சாம்பல் சேர்ந்தா, கழட்டி அதுக்குன்னு இருக்கிற மெஷின்ல சுத்தம் பண்ணலாம். வாட்டர் சர்வீஸ் பிரஷர்ல அடிச்சா தேன்கூடு விரிசல் விட்டுடும்.

கழட்டிப் போடுறது மோட்டார் வாகனச் சட்டப்படி தப்பு, புகைச் சோதனையிலயும் மாட்டலாம். அதைவிட, 2012லயே உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும்னு உறுதியா சொல்லிடுச்சு. நீங்க ஐடில்ல நிக்கிற தெருவுல அந்தப் புகையைக் குடிக்கப் போறது திண்ணையில உக்காந்திருக்கிறவங்க.

நாளைக்கு ஒர்க்‌ஷாப் போனா ஆயிலும் ஃபில்டரும் மாத்தச் சொல்லுங்க. கூடவே ஸ்கேனர்ல மூணு விஷயம் கேளுங்க: கரி அளவு எவ்வளவு, கடைசியா எரிப்பு முழுசா முடிஞ்சு எத்தனை கிலோமீட்டர் ஆச்சு, ஓடுறப்போ கூலன்ட் சூடு 80 டிகிரி தாண்டுதா. இந்த மூணு பதிலையும் கீழ எழுதி அனுப்புங்க அண்ணே, அடுத்து எதைக் கழட்டணும்னு அதை வச்சு சொல்றேன்.