அந்தப் போனில்தான் கட்டினாள்

நேயர்களுக்கு வணக்கம்.

நான் அரசு வங்கியில் 32 வருடம் வேலை பார்த்தவன். கடைசிச் சில வருடங்கள் கல்விக்கடன் மேசையில். அங்கே தினமும் காதில் விழுந்த பேச்சு ஒன்று உண்டு: "இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பொறுப்பே கிடையாது சார்." சொல்பவர் பெரும்பாலும் அப்பா. பக்கத்திலேயே பிள்ளை தலைகுனிந்து நிற்கும். கடன்தாரர் என்ற இடத்தில் கையெழுத்துப் போடப்போவது அந்தப் பிள்ளைதான். அப்பா கூட்டுக் கடன்தாரர்.

கல்விக்கடனில் 4 லட்சம் ரூபாய் வரை சொத்து அடமானம் கேட்பதில்லை. படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணையும் கட்ட வேண்டாம். ஆனால் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். வேலை தேடி அலையும் நாட்களிலும் ஏறும்.

என் 22 வயதில் என் பெயரில் ஒரு ரூபாய் கடன் கிடையாது. வேலை கிடைத்தது, முதல் சம்பளத்தை அம்மா கையில் கொடுத்தேன், ஊரே என்னைப் பொறுப்பான பையன் என்றது. இன்று மாதம் பிறந்தால் எனக்கு ஓய்வூதியம் வருகிறது. 2010 ஏப்ரல் 1 முதல் அரசு வங்கியில் சேர்ந்த பிள்ளைகளுக்கு அந்தப் பழைய ஓய்வூதியம் இல்லை. சம்பளத்தில் பிடிக்கும் பணம் பங்கு, கடன்பத்திரச் சந்தையில் முதலீடாகப் போகிறது. முதுமையில் எவ்வளவு வரும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. இவ்வளவையும் சுமப்பவர்களைப் பார்த்து நாம் பொறுப்பில்லை என்று சொல்வது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

கடன் கட்டாத பிள்ளைகளும் இருந்தார்கள், மறைக்கவில்லை. நான் பார்த்தவர்களில் பலர் வேலை கிடைக்காதவர்கள். "கடனை ஒழுங்கா கட்டுறோமான்னு போடுற சிபில் மார்க் போயிடும்னு தெரியும் சார், கொஞ்சம் டைம் குடுங்க" என்று நேரில் வந்து கேட்டவர்கள். ஏமாற்ற நினைத்தவர்களும் உண்டு. அப்படிப்பட்டவர்களைத் தொழில்கடன் மேசையிலும் பார்த்திருக்கிறேன், நரைத்த தலையோடு.

ஒருநாள் ஒரு நெசவாளர் வந்தார். மகள் இன்ஜினியரிங் முடித்து, ஒரு வருடம் அலைந்து, சென்னைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலையில் இருந்தாள். "வீட்டுக்குச் சரியா பணம் அனுப்புறதில்ல சார். எந்நேரமும் போனும் கையுமா இருக்கா. லோனையும் கட்டியிருக்க மாட்டா, நோட்டீஸ் வருமா?" என்றார்.

அவரும் கடன்தாரர் என்பதால் கணக்கைக் காட்டலாம். கணினித் திரையை அவர் பக்கம் திருப்பினேன். 14 தவணை, மாதம் 5,000 ரூபாய்க்கு மேல். ஒன்றுகூடத் தவறவில்லை. எல்லாம் மொபைல் ஆப் வழியாக வந்த பணம். அவர் குறை சொன்ன அதே போனில்தான் கட்டியிருந்தாள்.

ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் பார்த்தார். சாயம் ஏறிய நகம். பிரிண்ட் எடுத்துத் தரச் சொன்னார். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வாசல்வரை போனவர் திரும்பி வந்தார்.

"இந்த வாரம் அவளுக்கு எந்த ஷிப்டுன்னு தெரியல சார். இப்ப போன் பண்ணா தூங்கிட்டிருப்பாளோ?"

வணக்கம்.