மழை வந்தா டார்கெட் எப்படி மாறுது? டிஎல்எஸ் (டக்வொர்த்-லூயிஸ்-ஸ்டெர்ன்) கணக்கு

[திரையில்: சிட்னி மைதானம், 22 மார்ச் 1992]

உலகக் கோப்பை அரையிறுதி. தென்னாப்பிரிக்காவுக்கு 13 பந்துல 22 ரன் வேணும், கையில 4 விக்கெட் இருக்கு. மழை வந்து 12 நிமிஷம் ஆட்டம் நின்னுச்சு. திரும்பி வந்து பார்த்தா, ஸ்கோர்போர்டுல ஒரு பந்துல 22 ரன்னு போட்டிருக்கு! சரியான கணக்குக்கு 21. அதனால என்ன ஆகப்போகுது? இங்கிலாந்து ஃபைனலுக்குப் போயிடுச்சு.

அம்பயர்கள் விதிப்படிதான் நடந்தாங்க. தப்பு விதியிலதான். சேஸ் பண்ற டீம் 2 ஓவரை இழந்தா, முதல்ல ஆடின டீம் ரொம்பக் குறைவா ரன் எடுத்த 2 ஓவரைக் கழிக்கணும். இங்கிலாந்துக்கு அந்த ரெண்டு ஓவர்ல வந்ததே மொத்தம் 1 ரன். ஆக ஓவர் ரெண்டு போச்சு, டார்கெட்ல ஒண்ணுதான் குறைஞ்சுது. நல்லா பந்து வீசி ரன்னைக் கட்டுப்படுத்தின டீமுக்கே அது தண்டனையா முடிஞ்சுது.

அதுக்கு முன்னாடி இருந்தது வெறும் ரன் ரேட் கணக்கு. 50 ஓவர்ல 250 அடிச்சிருந்தா, 40 ஓவருக்கு 201 டார்கெட். இது சேஸ் பண்றவங்களுக்கு அல்வா மாதிரி. ஓவர் 40 ஆச்சு, ஆனா விக்கெட் அதே 10 இருக்கே! பயமில்லாம அடிக்கலாம்.

ரெண்டு விதியுமே விக்கெட்டைக் கணக்குல எடுக்கல. ஃபிராங்க் டக்வொர்த், டோனி லூயிஸ்னு ரெண்டு இங்கிலாந்து புள்ளியியல் நிபுணர்கள் சரி பண்ணது இதைத்தான். மீதி ஓவர், மீதி விக்கெட் ரெண்டையும் சேர்த்து ஒரே சதவீதமா மாத்தினாங்க. அதுக்குப் பேர் ரிசோர்ஸ்; 50 ஓவரும் 10 விக்கெட்டும் முழுசா இருந்தா அது 100. சர்வதேச ஆட்டத்துல முதல்முறையா வந்தது 1997 ஜனவரி 1, ஜிம்பாப்வே – இங்கிலாந்து ஆட்டத்துல.

[திரையில்: ரிசோர்ஸ் அட்டவணை]

கணக்கு போட்டுப் பார்ப்போம். முதல் டீம் முழு 50 ஓவர் ஆடி 250. ரெண்டாவது டீம் 20 ஓவர் ஆடி 2 விக்கெட் இழந்திருக்கு. மழையில 10 ஓவர் போச்சு.

30 ஓவர் மீதி, 2 விக்கெட் போயிருந்தா அட்டவணையில 67.3. 20 ஓவர் மீதின்னா 52.4. வித்தியாசம் 14.9; மழை பிடுங்கிட்டுப் போனது அவ்வளவு. 100ல அதைக் கழிச்சா 85.1. 250ஐ 0.851ஆல பெருக்கினா 212.75. தசமத்தை விட்டுட்டு ஒண்ணு கூட்டுங்க: டார்கெட் 213.

அதே மழை, ஆனா 5 விக்கெட் போயிடுச்சுன்னு வைங்க. 44.7ல இருந்து 38.6. இழப்பு வெறும் 6.1. டார்கெட் 235! ஏன் இவ்வளவு வித்தியாசம்? 5 விக்கெட் போன டீமால அந்த 10 ஓவரைப் பெருசா பயன்படுத்தியிருக்க முடியாது. இல்லாத ஒண்ணை இழந்ததா கணக்குக் காட்ட முடியாது இல்லையா? என்னைக் கேட்டா, இந்த முறையோட நியாயம் முழுக்க இந்த ஒரு வித்தியாசத்துலதான் இருக்கு.

இது கையால போடற பழைய அட்டவணை. இப்போ சர்வதேச ஆட்டங்கள்ல கம்ப்யூட்டர்தான் போடுது. முதல் இன்னிங்ஸ் ஸ்கோர் பெருசா இருந்தா சதவீதமும் மாறும். அதனால டிவியில வர்ற எண் உங்க கணக்குல இருந்து கொஞ்சம் தள்ளி இருக்கலாம்.

[திரையில்: டர்பன், 3 மார்ச் 2003]

சதவீதம் சரியா இருந்தும், அதைப் படிக்கறதுல சறுக்கின டீம் உண்டு. மறுபடியும் உலகக் கோப்பை, மறுபடியும் தென்னாப்பிரிக்கா. முதல்ல ஆடின இலங்கை 268. மழை தூற ஆரம்பிச்சுடுச்சு. 45ஆவது ஓவர் முடிவுக்கு 229 எடுக்கணும்னு களத்துக்குத் தகவல் போச்சு. முரளிதரனோட அஞ்சாவது பந்தை மார்க் பவுச்சர் சிக்ஸர் அடிச்சார், ஸ்கோர் 229. கடைசிப் பந்தைத் தட்டி வச்சுட்டு நின்னுட்டார். ஆனா 229 ‘பார்’ ஸ்கோர், அதாவது டை. ஜெயிக்க 230 வேணும். அதோட ஆட்டம் நின்னுச்சு, போட்டியை நடத்தின நாடே முதல் சுற்றுல வெளியேறிடுச்சு.

பார் வேற, டார்கெட் வேற. ஆட்டம் அந்த நொடியில நின்னுபோனா சமமா இருக்கற ஸ்கோர்தான் பார். நம்ம கணக்குல 20 ஓவர் முடிவுல 2 விக்கெட்டுக்கு பார் 81. 5 விக்கெட் போயிருந்தா 138. விக்கெட் விழுந்த உடனே பார் எகிறும். மேகம் கூடும்போது பேட்ஸ்மேன்கள் ஓய்வறையையே திரும்பித் திரும்பிப் பார்க்கறது இதுக்குத்தான்.

டி20ல குறை இருந்தது. 2010 டி20 உலகக் கோப்பையில இங்கிலாந்து 191 அடிச்சும், மழைக்கு அப்புறம் வெஸ்ட் இண்டீஸுக்கு 6 ஓவர்ல 60 போதும்னு வந்துச்சு, ஜெயிச்சும் போனாங்க. மூல அட்டவணை 50 ஓவர் ஆட்டங்களை வச்சு உருவானது. பின்னாடி பொறுப்பெடுத்த ஸ்டீவன் ஸ்டெர்ன், அதிக ரன் வேகத்துக்கு ஏத்த மாதிரி அதைத் திருத்தினார். 2014ல அவர் பேரும் சேர்ந்து டிஎல்எஸ் ஆச்சு. முடிவு வர ரெண்டாவது டீம் டி20ல 5 ஓவர், ஒருநாள் ஆட்டத்துல 20 ஓவராவது ஆடணும். அந்த 5 ஓவரை 8 ஆக்கலாம்னுதான் எனக்குத் தோணுது. 10 விக்கெட்டோட 30 பந்து ஆடற டீமுக்கு, விக்கெட் இழக்கற பயமே கிட்டத்தட்ட கிடையாது.