செல்ஃப் எடுக்கவில்லையா? பேட்டரியை மாற்றும் முன்

நேயர்களுக்கு வணக்கம். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலோரத்தில் கார் நிறுத்துகிறவர்களை மனதில் வைத்தே இன்று பேசுகிறேன். காலையில் சாவியைத் திருப்பினால் செல்ஃப் எடுக்கவில்லை. உடனே "பேட்டரி போச்சு" என்று முடிவுகட்டி, ஆயிரக்கணக்கில் கொடுத்துப் புதிதாக வாங்கிப் போடுகிறோம். சில வாரத்தில் மறுபடியும் அதே கதை. பல வண்டிகளில் பேட்டரி நன்றாகத்தான் இருக்கும். கரண்ட் போகிற வழியை உப்புக்காற்று அரித்திருக்கும்.

முதலில் காது கொடுத்துக் கேளுங்கள். 'டக டக டக' என்று விடாமல் அடிக்கிறதா? மோட்டாருக்குக் கரண்டை இணைக்கும் காந்த சுவிட்சான சோலனாய்டு இழுத்ததும் செல்ஃப் மோட்டார் கரண்டை உறிஞ்சுகிறது, வோல்ட் சட்டென்று விழுகிறது, சோலனாய்டு பிடியை விடுகிறது. விட்டதும் வோல்ட் ஏறி மறுபடி இழுக்கிறது. அந்தச் சத்தம்தான் அது. பேட்டரி இறங்கியிருக்கலாம், அல்லது பேட்டரியில் கேபிள் மாட்டும் டெர்மினலில் பிடிப்பு இல்லை. ஒரே ஒரு 'டக்' மட்டும் கேட்டு, ஹெட்லைட்டும் மங்கவில்லை என்றால் சோலனாய்டையோ, மோட்டாருக்குள் தேய்ந்த கார்பன் பிரஷ்ஷையோ சந்தேகிக்கலாம். சத்தமே இல்லையென்றால் கிளட்சை முழுக்க மிதித்துப் பாருங்கள். ஆட்டோமேட்டிக் வண்டியில் கியர் 'பி' அல்லது 'என்'னில் இருக்கவேண்டும். அதன் பிறகு ஃபியூஸையும், செல்ஃபுக்குக் கரண்ட் விடும் சிறு சுவிட்சான ஸ்டார்ட்டர் ரிலேயையும் பாருங்கள். பக்கத்திலேயே அதே நம்பர் போட்ட ஹாரன் ரிலே இருந்தால் இரண்டையும் மாற்றிச் செருகிப் பார்க்கலாம்.

சில நூறு ரூபாயில் வோல்ட் அளக்கும் ஒரு மல்டிமீட்டர் கிடைக்கும். அதை டி.சி. 20 வோல்ட்டில் வையுங்கள். இரவெல்லாம் நின்ற வண்டியில் பேட்டரி 12.6 காட்டினால் முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே போனால் சார்ஜ் ஏற்றாமல் வேறு எதையும் சோதிக்க வேண்டாம். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழக்கூடாது. முழு சார்ஜ் இருந்தும் விழுந்தால் பேட்டரி நலிந்திருக்க வாய்ப்பு அதிகம்.

பலர் தவறவிடுவது அடுத்த சோதனையைத்தான். செல்ஃப் மோட்டார் சாதாரணமாக 150 ஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். டெர்மினலில் பச்சையாகப் படிந்த பொடியின் தடை ஓமில் நூறில் ஒரு பங்குதான். ஆனாலும் அந்த இடத்திலேயே ஒன்றரை வோல்ட் தொலைந்துபோகும். விளக்கு எரியும், ஹாரன் அடிக்கும், ஏனென்றால் அவற்றுக்குச் சில ஆம்பியர் போதும். மோட்டார் மட்டும் திணறும்.

இதைக் கண்டுபிடிக்க, கியரை நியூட்ரலில் வைத்து, கை பிரேக் போட்டு, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். ஒரு தடவைக்குப் பத்து நொடிக்கு மேல் வேண்டாம், மோட்டார் சூடேறிவிடும். மீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் ஈயக் குமிழிலேயே வையுங்கள், மேலே மாட்டிய கிளாம்பில் வேண்டாம். சிவப்பு முனை இன்ஜினின் சுத்தமான உலோகத்தில். 0.3 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் வழியில், அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழியில், கோளாறு. அடுத்து சிவப்பு முனையைப் பாசிட்டிவ் குமிழிலும், கறுப்பை செல்ஃப் மோட்டாரின் தடித்த போல்ட்டிலும் வையுங்கள். இங்கே அரை வோல்ட் வரை பரவாயில்லை. கூடுதலாகக் காட்டினால் குமிழுக்கும் கிளாம்புக்கும் இடையே ஒருமுறை, கேபிளின் இரு முனைக்கும் இடையே ஒருமுறை என்று அளந்துகொண்டே வாருங்கள். எங்கே எண் குதிக்கிறதோ அங்கேதான் கோளாறு.

நம் பக்கம் பெரும்பாலும் அகப்படுவது இரண்டு இடங்கள். ஒன்று, டெர்மினலில் பூத்த நீலப்பச்சைப் பொடி. இன்னொன்று, இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டை. பானெட்டைத் திறந்தால் சட்டென்று கண்ணில் படாது. அதன் போல்ட்டின் அடியில் துரு தடித்திருக்கும். எதைத் தொடுவதற்கும் முன்னால் நெகட்டிவைக் கழற்றுங்கள், கடைசியாக மாட்டுங்கள். பாசிட்டிவை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் பட்டால் ஷார்ட் ஆகி நெருப்புப் பொறி பறக்கும். கழற்றிய கிளாம்பில் வெந்நீரில் கரைத்த ஆப்பசோடாவை ஊற்றினால் நுரைத்து அடங்கும். உப்புத்தாளால் ஈயம் பளபளக்கத் தேய்த்து, நன்றாகத் துடைத்து, இறுக்கிய பிறகு மேலே வாஸலின் பூசுங்கள். இறுக்குவதற்கு முன் பூச வேண்டாம். எர்த் போல்ட்டுக்கும் இதே வைத்தியம்தான், ஆப்பசோடா மட்டும் தேவையில்லை.

வண்டி ஓடத் தொடங்கியதும் பேட்டரியில் 13.8 முதல் 14.5 வரை இருக்கவேண்டும். 13-ஐத் தொடவில்லையென்றால் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரையும் அதன் பெல்ட்டையும் பாருங்கள்.

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால் இதெல்லாம் தேவையில்லை. பெட்ரோல் வண்டியில் சாவியைப் போட்டதும் பின் சீட்டுக்கு அடியில் பம்ப் இரண்டு நொடி முனகுகிறதா, டாஷ்போர்டில் சாவிப் படம் மின்னுகிறதா என்று பாருங்கள். படம் மின்னினால் வண்டி சாவியை அடையாளம் காணவில்லை என்று பொருள், மாற்றுச் சாவியைப் போட்டுப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. மழையில் வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை போன்ற இடத்தில் நீரில் நின்ற வண்டிக்கு இந்தச் சோதனை எதுவும் வேண்டாம். செல்ஃப் அடித்தால் சிலிண்டருக்குள் போன நீர் கனெக்டிங் ராடை வளைத்துவிடும். நெகட்டிவைக் கழற்றிவைத்து, டோ செய்து ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோங்கள். வணக்கம்.