மூன்றாம் தவணைக்குப் பிறகு

(கோவையில் மேலாண்மை இறுதியாண்டு மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

துறைத்தலைவர் அவர்களே, பேராசிரியப் பெருமக்களே, மாணவ மாணவியரே, அனைவருக்கும் வணக்கம்.

என்னை அறிமுகம் செய்த பேராசிரியர் ‘ஹெட்ஹன்ட்டர்’ என்ற சொல்லைச் சொன்னதும் பின்வரிசையில் சிலர் சிரித்தீர்கள். சிரிக்கத் தகுந்த சொல்தான்; நேர்ப்பொருள் தலை வேட்டைக்காரர், வேலையோ நிறுவனங்களின் உயர்பதவிகளுக்கு ஆள் தேடித் தருவது. என் அம்மாவுக்கு இத்தனை ஆண்டுகளாகியும் என் வேலையை விளக்க என்னால் முடியவில்லை. உறவினர்கள் கேட்டால், "பெரிய கம்பெனிகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக் கொடுக்கிறான்" என்று சொல்லிவிடுவார். பல நிறுவனங்களுக்கு ஆள் தேடித் தரும் ஏஜென்சியில் நான் இருந்தவரை அந்த விளக்கம் ஏறக்குறையச் சரியாகவே இருந்தது. கல்யாணத் தரகர் பந்தியில் சாப்பிட்டுவிட்டு, தாம்பூலத்தோடு தம் தொகையையும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடலாம். ஒரு நிறுவனத்துக்குள்ளேயே உட்கார்ந்து அதற்கான உயர்பதவியாளர்களைத் தேடத் தொடங்கிய பிறகு, நான் தரகராக இல்லாமல் வீட்டாருள் ஒருவனாகிவிட்டேன். அந்த மாற்றத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

இந்தத் தொழில் இன்றைய வடிவத்தைப் பெற்றது பெரும்பாலும் அமெரிக்காவில். நிறுவனத்தை எப்படி நடத்துவது என்று ஆலோசனை கேட்டு வந்தவர்கள், நடத்துவதற்கு ஆளையும் கேட்கத் தொடங்கினார்கள். புஸ் ஆலன் என்ற ஆலோசனை நிறுவனத்தில் பணியாற்றியவர்கள் சிலர் வெளியேறித் தனியே தொழில் தொடங்கினார்கள். சிட்னி பாய்டன் 1946இலும், கார்ட்னர் ஹைட்ரிக் தம் பங்காளர் ஜான் ஸ்ட்ரகிள்ஸுடன் 1953இலும், ஸ்பென்சர் ஸ்டூவர்ட் 1956இலும் தொடங்கிய நிறுவனங்கள் இன்றும் இயங்குகின்றன. ஸ்டூவர்ட்டின் நிறுவனத்துக்காக ஐரோப்பாவில் பணியாற்றிய எகான் ஸெண்டர், 1964இல் சூரிச்சில் தமது நிறுவனத்தைத் தொடங்கியபோது, சம்பளத்தில் இத்தனை விழுக்காடு என்று வாங்காமல் முன்கூட்டியே பேசி முடித்த நிலையான தொகையை வாங்கும் முறையைப் பின்பற்றினார். தேர்வு செய்யப்படுபவரின் சம்பளம் ஏற ஏறத் தேடுபவரின் கட்டணமும் ஏறும் என்றால், அவர் யார் பக்கம் நின்று பேரம் பேசுகிறார் என்ற ஐயம் எழத்தான் செய்யும். அந்த ஐயத்துக்கு அது நேரடியான பதில். ஆயினும் இத்துறையில் பெரும்பாலோர் இன்றும் விழுக்காட்டுக் கணக்கில்தான் வாங்குகிறார்கள். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் வாங்கினேன்.

கட்டணத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் ஏஜென்சியில் இருப்பவரின் நடத்தையை வேறு எதையும் விடக் கட்டணமே தீர்மானிக்கிறது. நம் நாட்டில் நடுத்தரப் பதவிகளுக்கு ஆள் பிடித்துத் தரும் கன்சல்டன்சிகள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் எண் 8.33 விழுக்காடு. விசித்திரமாகத் தோன்றும் இந்த எண்ணுக்குள் பெரிய சூட்சுமம் எதுவும் இல்லை. ஆண்டுச் சம்பளத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது ஒரு மாதச் சம்பளம். ஆள் வேலைக்குச் சேர்ந்தால்தான் இந்தப் பணம் வரும். ஆகவே ஒரே பதவிக்கு நான்கு கன்சல்டன்சிகள் ஓடும். யார் பயோடேட்டாவை முதலில் அனுப்புகிறாரோ அவருக்கே பலன். உயர்பதவித் தேடலில் நடப்பது வேறு. வேலை ஒரு நிறுவனத்திடம் மட்டுமே ஒப்படைக்கப்படுகிறது. முதலாண்டுச் சம்பளத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கட்டணமாகப் பேசப்பட்டு, தொடங்கும்போது ஒரு தவணை, ஷார்ட்லிஸ்ட், அதாவது தகுதியான சிலரின் பட்டியல், கொடுத்ததும் ஒரு தவணை, ஆள் முடிவானதும் ஒரு தவணை என்று பிரித்துத் தரப்படுகிறது. ஆண்டுக்கு 1.2 கோடி ரூபாய் பெறும் ஒருவருக்கான தேடல் என்றால் கட்டணம் 40 லட்சம், அதன்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி. இதில் பெரும்பகுதி, புதியவர் தம் மேசையில் உட்காருவதற்கு முன்பே வாங்கப்பட்டுவிடுகிறது என்பதைக் கவனியுங்கள்.

இப்படிச் சொல்வதால் ஏஜென்சி வேலையை நான் குறைத்து மதிப்பிடுவதாக நீங்கள் நினைத்துவிடக் கூடாது. அங்கே கற்பதை வேறெங்கும் கற்க முடியாது என்பது என் உறுதியான கருத்து. முதல் இரண்டு ஆண்டுகள் உங்களை யாரும் வாடிக்கையாளர் முன் உட்கார வைக்கமாட்டார்கள். ஒரு துறையில் எந்தெந்த நிறுவனங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் அந்தப் பொறுப்பில் இருப்பவர் யார், அவருக்கு மேலே யார், கீழே யார் என்று படம் வரைவதுதான் வேலை. லிங்க்ட்இன் 2003இல் வந்துவிட்டாலும், என்னுடைய முதல் சில ஆண்டுகளில் ஒரு தொழிற்சாலையின் கொள்முதல் தலைவர் யார் என்று அறிய வரவேற்பு மேசைக்குத்தான் போன் செய்ய வேண்டியிருந்தது. இன்று பெயரைக் கண்டுபிடிப்பது எளிதாகிவிட்டது. அந்தப் பெயருக்குரியவரைப் பேச வைப்பது அன்றைப் போலவே இன்றும் கடினமாக இருக்கிறது.

ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். சென்னைக்கு அருகே ஒரகடத்தில் இருந்த ஒரு வாகன உதிரிபாக நிறுவனத்துக்குத் தொழிற்சாலைத் தலைவர் தேவைப்பட்டார். புனேக்கு அருகே சாகனில் அதே பொறுப்பில் இருந்த ஒருவரிடம் பேசத் தொடங்கினேன். பகலில் அவரால் பேச முடியாது. இரவு ஒன்பதரைக்கு மேல், வீட்டுக்குப் போகும் வழியில் சாலையோரம் காரை நிறுத்திக்கொண்டு பேசுவார். லாரிகள் கடந்து போகும் சத்தத்துக்கு நடுவே சம்பளம், பதவிப் பெயர், விரிவாக்கத் திட்டம், இயக்குநர் குழுவின் போக்கு எல்லாவற்றையும் பேசி முடித்தோம். ஆஃபர் லெட்டரில் கையெழுத்திட்டார். 90 நாள் நோட்டீஸ் காலத்தில் 83ஆம் நாள் இரவு, அதே நேரத்தில், அதே லாரிச் சத்தத்தோடு போன் வந்தது. மகள் பதினோராம் வகுப்பு முடிக்கப் போகிறாள், பன்னிரண்டாம் வகுப்புக்கு ஊர் மாற்றுவதற்கு வீட்டில் யாருக்கும் மனமில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார். நான் அவரிடம் ஏழு முறை பேசியிருந்தேன். குழந்தைகள் எந்த வகுப்பில் படிக்கிறார்கள் என்று ஒரு முறையும் கேட்கவில்லை. அதற்கு முன் கவுன்டர் ஆஃபரைப் பற்றி மட்டுமே எனக்கு அச்சம் இருந்தது. பழைய நிறுவனம் சம்பளத்தை உயர்த்திப் பிடித்து வைத்துக்கொள்ளுமோ என்று வாரந்தோறும் துருவிக்கொண்டிருந்தேன். அன்று முதல் என் குறிப்பேட்டில் ஒவ்வொருவர் பெயருக்கும் கீழே முதல் வரி, பிள்ளைகளின் வகுப்பு. இரண்டாம் வரி, பெற்றோர் இருக்கும் ஊர். சம்பளம் நான்காவது வரிக்குப் போய்விட்டது.

ஏஜென்சிக்கு இன்னொரு கட்டுப்பாடு உண்டு. ஒரு நிறுவனத்துக்கு ஆள் தேடிக் கொடுத்தால், குறிப்பிட்ட காலம் வரை அந்த நிறுவனத்திலிருந்து ஆளை எடுக்கக் கூடாது, ‘ஆஃப்-லிமிட்ஸ்’ என்பார்கள். வாடிக்கையாளர் பெருகப் பெருக, தொடக்கூடாத இடங்களும் பெருகும். 1993இல் ஐபிஎம் நிறுவனம் தனக்குத் தலைவரைத் தேடியபோது ஹைட்ரிக் நிறுவனத்தின் ஜெரார்ட் ரோச்சையும் ஸ்பென்சர் ஸ்டூவர்ட்டின் டாம் நெஃபையும் ஒரே தேடலில் சேர்ந்து அமர்த்தியது. போட்டி நிறுவனங்கள் இரண்டு ஒரே வேலையைச் செய்வது அரிது. ஆனால் ஒருவரால் தொட முடியாதவரை மற்றவர் தொடலாம் என்ற வசதி அதில் இருந்தது. பிஸ்கட்டும் சிகரெட்டும் விற்ற ஆர்ஜேஆர் நபிஸ்கோவின் தலைவராக இருந்த லூ கெர்ஸ்ட்னர் அந்த நாற்காலிக்கு வந்தார். கணினித் தொழிலுக்கு வெளியே இருந்து வந்த அவர் அந்த நிறுவனத்தை நிமிர்த்தியதை நீங்கள் பாடமாகப் படித்திருப்பீர்கள்.

இனி, ஏஜென்சியிலிருந்து நிறுவனத்துக்குள் எப்போது போகலாம் என்ற கேள்வி. இலக்கு வைத்து விரட்டும் வாழ்க்கை சலித்துவிட்டது, மாதக் கடைசியில் நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்பதுதான் பெரும்பாலோர் சொல்லும் காரணம். அந்தக் காரணத்துக்காகப் போகிறவர்கள் ஏமாறுவதைக் கண்டிருக்கிறேன். ஏஜென்சியில் நீங்கள் பணம் ஈட்டித் தருபவர். நிறுவனத்துக்குள் நீங்கள் செலவுக் கணக்கு. 2022 நவம்பரில் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா 11,000க்கும் மேற்பட்டோரை வேலைநீக்கம் செய்தபோது, ஆட்தேர்வுப் பிரிவு மற்றவற்றை விடக் கூடுதலாகப் பாதிக்கப்படும் என்பதை அறிவிப்பிலேயே சொன்னார்கள். ஆள் எடுக்கப் போவதில்லை என்றால் எடுப்பவர் எதற்கு என்ற கணக்கு அது. என் கருத்தில், சில தேடல்களைத் தொடக்கம் முதல் முடிவு வரை தனியாக நடத்தி, அவற்றுள் ஒன்றிலாவது நன்றாகத் தோற்ற பிறகே உள்ளே போக வேண்டும். தோற்காதவரின் கையில் முறைகள் இருக்கும். சாகனிலிருந்து வந்த அந்தப் போன் இருக்காது.

நான் உள்ளே போன இடம் ஒரு குடும்ப நிறுவனம். எனக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை தலைமை நிதி அலுவலரைத் தேடுவது. பணி விவரக் குறிப்பை நானே எழுதினேன். மும்பையில் பன்னாட்டு நிறுவனம் ஒன்றில் இருந்த மிகத் திறமையான ஒருவரைக் கொண்டுவந்தேன். அவரைப் பற்றி நான் விசாரித்த ஐந்து பேரும் புகழ்ந்தார்கள். ஏஜென்சியில் இருந்திருந்தால் மூன்றாம் தவணைக்குப் பில் அனுப்பிவிட்டு அடுத்த கோப்பைத் திறந்திருப்பேன். மூன்றாம் மாதத்தில் ஒரு நாள் கேன்டீனுக்குப் போனபோது, அவர் ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மறுநாளும் தனியாக, அதற்கு மறுநாளும். விசாரித்துப் பார்த்தேன். கணக்குப் பிரிவில் இருபத்தைந்து ஆண்டுகளாக இருக்கும் மூத்த கணக்காளர் வவுச்சர்களை இவரிடம் கொண்டுவராமல், என்றும் போல நிறுவனரின் தம்பி வீட்டுக்கே மாலையில் எடுத்துப் போய்க் கையெழுத்து வாங்கிவந்துகொண்டிருந்தார். அதில் அவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. வேறுவிதமாகச் செய்யுங்கள் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. நான் எழுதிய ஆறு பக்கக் குறிப்பில் காசோலையில் யார் கையெழுத்திடுவார் என்ற ஒரு வரி இல்லை. பதினோராம் மாதம் அந்த நிதி அலுவலர் விலகினார். ஒரு மனிதரின் பணிவாழ்வில் ஓராண்டு வீணானதற்கு நானும் ஒரு காரணம். இடைப்பட்ட எட்டு மாதங்களும் லிப்டில் அவரை நேருக்கு நேர் பார்க்க வேண்டியிருந்தது. இரண்டாவது முறை தேடுவதற்கு முன் மூன்று வாரம் கணக்குப் பிரிவில் போய் உட்கார்ந்தேன். புதிய குறிப்பு இரண்டு பக்கம்தான். கையெழுத்து அதிகாரம் எந்தத் தேதியில் கைமாறும் என்பதே அதன் முதல் வரி. அந்தத் தேதியை எழுதித் தர நிறுவனர் ஒப்புக்கொள்ளும்வரை தேடலைத் தொடங்க மாட்டேன் என்று சொன்னேன். ஏஜென்சிக்காரனாக இருந்து அப்படிச் சொல்லியிருந்தால் வேலை வேறொருவருக்குப் போயிருக்கும்.

உள்ளே இருப்பவர் நாட்காட்டியையும் வேறுவிதமாகப் படிக்க வேண்டும். 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 203ஆம் பிரிவு, பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களிலும் 10 கோடி ரூபாய்க்குக் குறையாத மூலதனம் செலுத்தப்பட்ட பொது நிறுவனங்களிலும் தலைமைச் செயல் அலுவலர், நிதி அலுவலர் போன்ற முதன்மைப் பதவிகள் காலியானால் ஆறு மாதத்துக்குள் நிரப்ப வேண்டும் என்கிறது. பட்டியலிட்ட நிறுவனங்களுக்கு, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2023இல் அந்தக் காலத்தை மூன்று மாதமாகச் சுருக்கியது. ஒழுங்குமுறை அமைப்பின் ஒப்புதல் தேவைப்படும் இடங்களுக்கு மட்டும் பின்னர் விலக்கு வந்தது. வரப்போகிறவருக்கோ மூன்று மாத நோட்டீஸ் இருக்கிறது. இரண்டையும் கூட்டிப் பாருங்கள்: நாற்காலி காலியான அன்றே புதியவர் ராஜினாமா கொடுத்திருக்க வேண்டும். அதாவது, இருப்பவர் போகப் போகிறார் என்ற பேச்சே எழாத நாளில் உங்கள் பட்டியல் தயாராக இருக்க வேண்டும். போட்டி நிறுவனத்தில் சேரமாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேனே எனத் தயங்குபவர்களும் வருவார்கள். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி, வேலையை விட்ட பிறகும் நீடிக்கும் அத்தகைய தடை பொதுவாகச் செல்லாது. ஆனால் பழைய நிறுவனத்தின் ரகசியங்களைக் கொண்டுவருவது வேறு விஷயம். அதை முதல் சந்திப்பிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

ரகசியம் என்றதும், நம் பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஏஜென்சியை விட்டு வரும்போது ஆயிரம் பேரின் விவரங்களை பென்டிரைவில் போட்டுக்கொண்டு வருபவர்கள் இருக்கிறார்கள். அந்த விவரங்கள் ஏஜென்சியை நம்பிக் கொடுக்கப்பட்டவை. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த நம்பிக்கைக்கு ஒரு சட்ட வடிவம் கொடுத்திருக்கிறது. அது இல்லாவிட்டாலும், அவர்களுள் பலர் தம் மனைவிக்கோ கணவருக்கோ சொல்லும் முன்பு உங்களிடம் சொன்னவர்கள்.

சென்ற மாதம் ஒரு தேடலுக்காக வெளி ஏஜென்சியை அமர்த்தினோம். மேசையின் இந்தப் பக்கம் உட்கார்ந்து கட்டணத்தைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசியபோது எனக்கே சற்றுக் கூச்சமாக இருந்தது. மூன்றாவது வாரம் அந்த ஏஜென்சியின் இளம் ஆலோசகரிடம் நிலவரம் கேட்டேன். "சார், சந்தையில் மிக நல்ல வரவேற்பு இருக்கிறது, சிலரோடு பேச்சு முன்னேறிய கட்டத்தில் இருக்கிறது, அடுத்த வாரம் ஷார்ட்லிஸ்ட் வந்துவிடும்" என்றார். கோப்பை இன்னும் திறக்கவில்லை என்று அதற்குப் பொருள். அதே வாக்கியத்தை அதே வரிசையில் எத்தனையோ பேரிடம் நான் சொல்லியிருக்கிறேன். "சரி தம்பி, ஷார்ட்லிஸ்ட் பிறகு வரட்டும், நாளைக்கு எங்கள் தொழிற்சாலை கேன்டீனுக்குச் சாப்பிட வாருங்கள்" என்றேன். மறுநாள் பன்னிரண்டே முக்காலுக்கு வந்து நின்றார், கையில் புதிய நோட்டுப் புத்தகத்தோடு.