சுவரேறும் நிலத்தடி நீர்

அவையோருக்கு வணக்கம். நிலத்தடி நீர் என்றாலே "வற்றிப்போச்சு" என்ற பேச்சைத்தான் கேட்டிருக்கிறோம். ஏறினாலும் தொல்லைதான்.

தோக்கியோவைப் பாருங்கள். தொழிற்சாலைகள் நீரைக் கண்டபடி உறிஞ்சியதில் தரையே தாழ்ந்தது. அரசு கட்டுப்பாடு போட, நீர்மட்டம் மெல்லப் பழைய இடத்துக்கு ஏறியது. அதற்குள் உவேனோ ரயில் நிலையத்தின் ஒரு பகுதியைப் பூமிக்கடியில் கட்டியிருந்தார்கள். கீழிருந்து நீர் நிலையத்தையே தூக்கப் பார்க்க, உள்ளே ஆயிரக்கணக்கான டன் இரும்பைப் பாரமாக வைத்தார்கள். லண்டனிலும் தொழிற்சாலைகள் கிணறுகளைக் கைவிட, 1960-களிலிருந்து மட்டம் ஏறியது; சுரங்கங்களைக் காப்பாற்ற இன்று வேண்டுமென்றே இறைக்கிறார்கள்.

நம் பினாங்கின் கதை வேறு. அதன் தலைநகர் ஜார்ஜ்டவுன் கடலோரத் தாழ்நிலம். கடலோர மண்ணில் நன்னீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டம் உயர்ந்தால் அதுவும் மேலே தள்ளப்படும். அப்புறம் மழைநீர் இறங்க மண்ணில் இடமிருக்காது. உடைந்த குழாய், அடைத்த வாய்க்கால் இரண்டும் தங்கள் பங்குக்கு ஈரத்தைக் கூட்டும்.

லிட்டில் இந்தியா பக்கம் பழைய கடைவீடுகளின் முன்சுவரைக் கவனியுங்கள். முழங்கால் உயரத்துக்குப் பெயிண்ட் கொப்பளித்திருக்கும். நகத்தால் சுரண்டினால் வெள்ளைப் பொடி உதிரும். அது உப்பு. திரி எண்ணெயை இழுப்பதுபோல் பழைய செங்கல் ஈரத்தை இழுக்கிறது. கூடவே உப்பும் ஏறுகிறது. சுண்ணாம்புப் பூச்சு இருந்தவரை ஈரம் சுவர் வழியே காற்றில் கலந்துவிடும். நாம் என்ன செய்தோம்? தரைக்கு டைல்ஸ், சுவருக்கு சிமெண்டு. வெளியேற வழியில்லாத ஈரம் இன்னும் மேலே ஏறியது. கட்டட வேலைக் குத்தகைக்காரர் வந்தார், கறை தெரிந்த இடத்தில் மேலும் சிமெண்டு பூசினார். சில காலத்தில் கறை இடுப்பளவுக்கு வந்தது! உள்ளே உப்பு படிகமாகி விரிய, செங்கலின் முகமே பொடிந்து விழும். 2008-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய வீதிகள் இவை.

சரி, என்ன செய்யலாம்? நீர்மட்டத்தை நாம் இறக்க முடியாது. சிமெண்டுப் பூச்சைச் செதுக்கி எடுத்து, சுவரை நன்றாக உலரவிட்டு, மறுபடி சுண்ணாம்பு பூசலாம். நடு முற்றத்தை டைல்ஸ் போட்டு அடைக்காமல் விடலாம். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: தடித்த சுவர் உலர மாதக்கணக்கில் ஆகும். தீபாவளிக்கு முன்னால் பெயிண்ட் அடித்தே தீருவேன் என்கிறவர்கள், வேலையைத் தீபாவளி கழித்துத் தொடங்குங்கள்.