குக்கர் கெட்டது லயத்துக்கே தெரியும், கடைக்காரருக்குத் தெரியாது

(மார்ச் 15, உலக நுகர்வோர் உரிமைகள் தினத்தையொட்டி ஹட்டனில் நடந்த கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமைத் துணி துவைப்பையும் விறகு வேலையையும் விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

1962 மார்ச் 15 அன்று அமெரிக்க ஜனாதிபதி கென்னடி அந்த நாட்டுப் பாராளுமன்றமான காங்கிரசுக்கு ஒரு செய்தி அனுப்பினார். பாதுகாப்பு, தகவல் அறிதல், தெரிவு செய்தல், சொல்வது கேட்கப்படுதல் என்று நுகர்வோருக்கு நான்கு உரிமைகள் உண்டு என்றார். இந்தத் தேதி அப்படித்தான் வந்தது. முதல் மூன்றையும் மற்றவர்கள் பேசட்டும். எனக்கு நாலாவதுதான் முக்கியம். நம்ம பக்கத்தில் ஒரு ரைஸ் குக்கர் கெட்டுப்போனால் லயம் முழுக்க, அந்தத் தோட்டத்து வரிசை வீடுகள் எல்லாவற்றுக்கும், தெரியும். எந்தக் கடை, என்ன விலை, மாமியார் என்ன சொன்னார் என்பது வரைக்கும் தெரியும். கடைக்காரருக்கு மட்டும் தெரியாது.

ஏன் போய்ச் சொல்லவில்லை என்று கேட்டால், "நாங்கதான் சரியாப் பாவிக்கலையோ என்னமோ" என்பார்கள். இன்னொரு காரணம் காசு. தோட்டத்து நாட்சம்பளம் 2021 இல் 1,000 ரூபாய் ஆனது, 2024 இல் 1,350 ஆனது. ஒரு குக்கருக்கு எத்தனை நாள் கொழுந்து பறிக்க வேண்டும் என்று நீங்களே கணக்குப் பாருங்கள். அதைத் தூக்கிக்கொண்டு டவுனுக்கு இறங்கினால் இன்னொரு பேரும், அதாவது இன்னொரு நாள் சம்பளமும், போகும். அதனால் அது அடுப்படி மூலையில் உப்பு டின் வைக்கிற மேசையாகிவிடுகிறது.

சரி, உண்மையிலேயே குக்கர் பழுதா? அதை முதலில் பார்த்துவிடுவோம், ஏனென்றால் மலையில் இது கொஞ்சம் சிக்கலான கேள்வி. குக்கரின் அடித்தட்டில் ஒரு காந்தம் இருக்கிறது. பானையில் தண்ணீர் இருக்கும்வரை சூடு கொதிநிலையைத் தாண்டாது. தண்ணீர் வற்றியதும் சூடு ஏறும், காந்தம் பிடியை விடும், சுவிட்ச் 'டக்'கென்று மேலே வரும். கொழும்பில் தண்ணீர் 100 பாகை செல்சியஸில் கொதிக்கிறது. ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் 94 பாகையிலேயே கொதித்துவிடும். இங்கே ஹட்டனில் 96 பக்கம். கொதிக்கிற தண்ணீரிலேயே சூடு குறைவு என்பதால் அரிசி வேக நேரம் எடுக்கும். அதற்குள் பெட்டியில் எழுதியிருக்கிற அளவுத் தண்ணீர் வற்றி, சுவிட்ச் மேலே வந்துவிடும். கொழும்பில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய குக்கரில் இங்கே சோறு நறுக்கென்று நிற்பது இதனால்தான். தண்ணீரைக் கொஞ்சம் கூட்டி, அரிசியை முன்கூட்டியே ஊறவைத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

மின்சாரமும் இருக்கிறது. நம்ம நாட்டு வோல்டேஜ் 230. லைன் கடைசியில் இருக்கிற லயங்களில் மாலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் சமைக்கும்போது அது இறங்கும். 200 க்கு இறங்கினால் குக்கருக்குக் கிடைக்கிற சூடு முக்கால் பங்குதான். ஆகவே மத்தியானம் ஒரு தடவை சமைத்துப் பாருங்கள். டவுனில் இருக்கிற சொந்தக்காரர் வீட்டிலும் ஒரு தடவை பாருங்கள். அங்கேயும் வேகாவிட்டால் அது பொருளின் பழுதுதான். ஷொக் அடித்தாலோ, வயர் கையில் சுட்டாலோ, பிளக் கருகினாலோ எந்தப் பரிசோதனையும் வேண்டாம். அந்த நிமிஷமே கழற்றி வையுங்கள்.

இப்போது சட்டம். நம்மிடம் 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. பழையதுதான், ஆனாலும் உயிரோடு இருக்கிறது. எதற்காக வாங்குகிறீர்கள் என்று சொல்லி, கடைக்காரரின் அனுபவத்தை நம்பி வாங்கினால், பொருள் அந்தத் தேவைக்குப் பொருந்த வேண்டும் என்கிறது. கம்பனிப் பேரைச் சொல்லி "அதையே எடுங்க" என்று வாங்கினால் இந்தப் பாதுகாப்பு நழுவிவிடும். ஆகவே கடையில், "முதலாளி, ஆறு பேருக்குச் சமைக்கணும், அக்கரப்பத்தனையில பாவிக்கணும், எது சரி வரும்?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்குச் சட்டத்தில் பெறுமதி உண்டு.

அப்புறம் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை இதன் கீழ் வந்தது. கேட்டால் பில் தர வேண்டியது வியாபாரியின் கடமை. உத்தரவாதத்துக்கு மாறாகப் பொருள் இருந்தால் சபை விசாரித்து, நட்டஈடு கொடுக்கவோ, வேறு பொருள் கொடுக்கவோ, காசைத் திருப்பிக் கொடுக்கவோ கட்டளையிடலாம். ஆனால் முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும். மூன்று மாத எல்லையும் சட்டத்தில் இருக்கிறது. வாரண்டி அட்டையில் ஒரு வருஷம் போட்டிருக்கிறதே என்று பொறுத்திருக்காதீர்கள். பழுது தெரிந்த கிழமையே எழுதுங்கள். சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்தும் கேட்கலாம். முதல் கடிதம் கடைக்காரருக்குப் போகட்டும், ஒரு பிரதி உங்களிடம் இருக்கட்டும். கடைக்காரரையும் எதிரியாக நினைக்க வேண்டாம். அவரும் கொழும்பு விநியோகஸ்தரிடம் காட்ட ஏதாவது தாள் வேண்டுமே.

சம்பள நாளில் தோட்டத்துக்கு வான் வண்டியில் வந்து விற்கிறார்களே, அவர்கள் விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். பில் இல்லை, கடை விலாசம் இல்லை என்றால் வாங்காதீர்கள். தவணை எவ்வளவு குறைவாக இருந்தாலும்.

"நாங்கதான் சரியாப் பாவிக்கலையோ" என்பதற்கு வருகிறேன். 2021 நவம்பர், டிசம்பரில் நாடு முழுக்கக் கேஸ் அடுப்புகள் வெடித்தது ஞாபகம் இருக்கும். பழைய ஹோஸ், பழைய ரெகுலேட்டர், பாவிக்கத் தெரியாதவர்கள் என்று அப்போதும் பேச்சு வந்தது. சிலிண்டருக்குள் இருந்த புரொப்பேன், பியூட்டேன் கலவையை மாற்றியதே முக்கிய காரணம் என்று ஜனாதிபதி நியமித்த குழு பிறகு சொன்னது. வீட்டுக்கு வீடு ஹோஸைக் குறை சொல்லிக்கொண்டு சும்மா இருந்திருந்தால் யார் கலவையைப் பார்த்திருப்பார்கள்?

பிள்ளைகள் இப்போது போனில் நட்சத்திரம் போடுகிறார்கள். பெட்டி பிரித்த அன்றே ஐந்து போடுவதால் யாருக்கும் பிரயோசனம் இல்லை. நாலைந்து மாதம் பாவித்துவிட்டு, எந்த ஊர், எத்தனை பேருக்குச் சமைத்தது, என்ன நடந்தது, கடையில் என்ன பதில் கிடைத்தது என்று எழுதட்டும். மலையில் இருந்து எழுதியது என்று தெரிந்தால்தான் இன்னொரு மலைக்காரருக்கு உதவும். கோபத்தில் "திருட்டுக் கடை" என்று எழுத வேண்டாம். நம்ம நாட்டு அவதூறு வழக்குகளில் சொன்னது உண்மை என்பது மட்டும் போதாது, அதைச் சொன்னதில் பொதுநன்மையும் இருக்க வேண்டும். இணையத்தில் போடும் பொய்க் கூற்றுகளுக்கு 2024 ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால் அதுவும் 9 ஆம் இலக்கம்தான். கண்ணால் பார்த்ததை, திகதியோடு, படத்தோடு எழுதினால் பயப்பட ஒன்றுமில்லை.

சிங்களம் தெரியாதே என்று யாரும் பின்வாங்க வேண்டாம். அரச அலுவலகத்துக்குத் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பே இடம் தருகிறது. இங்கே மேசையில் வெள்ளைத் தாளும் பேனாவும் வைத்திருக்கிறோம். யாராவது பில்லைக் கையோடு கொண்டுவந்திருந்தால், தேத்தண்ணி குடித்த பிறகு உட்கார்ந்து இப்போதே எழுதிவிடலாம்.