காற்றை யார் கிழிப்பது? 800, 1500 மீட்டர் ஓட்டங்களின் வேக உத்திகள்

(காட்சி: டர்பன் கடலோரம், காலை. வரிசையாக ஓடும் இளைஞர்கள்.)

வணக்கம். டர்பன் கடற்காற்றை எதிர்த்து ஓடிப் பழகியவர்களுக்கு ஒன்று சொல்லாமலே விளங்கும்: முன்னால் ஓடுபவர் காற்றைக் கிழிக்கிறார், பின்னால் வருபவர் அவர் முதுகின் மறைவில் தம் பலத்தைச் சேமிக்கிறார். நடுத்தொலைவு ஓட்டத்தின் உத்திகள் மாறிவந்த கதையில் பெரும்பகுதி, இந்தச் சுமையை யார் ஏற்பது என்பதுதான்.

1954 மே 6 அன்று ஆக்ஸ்ஃபோர்டில் ரோஜர் பேனிஸ்டர் ஒரு மைலை 3 நிமிடம் 59.4 விநாடியில் ஓடியபோது, கிறிஸ் பிராஷரும் கிறிஸ் சாட்டவேயும் அச்சுமையை முறைவைத்துச் சுமந்தார்கள். ஒலிம்பிக்கில் அத்தகைய வேகத்துணைவர்கள் கிடையாது. ஆகவே பலர் பதுங்கி ஓடி, கடைசிச் சுற்றில் பாய்வதையே நம்பினார்கள்.

(காட்சி: மெக்சிகோ நகரம், 1968 ஒலிம்பிக்.)

கடல் மட்டத்திலிருந்து ஜோகன்னஸ்பர்க் சென்று ஓடிய நம் பிள்ளைகள் அங்கே மூச்சு எப்படி முட்டும் என்பதை அறிவார்கள். மெக்சிகோ நகரமோ அதனினும் உயர்ந்து, ஏறத்தாழ 2,240 மீட்டரில் இருக்கிறது. அமெரிக்கரான ஜிம் ரயனின் கடைசிப் பாய்ச்சல் தொடங்குவதற்குள் எட்டாத தூரம் போய்விட வேண்டும் என்பதே மேட்டுநிலத்தில் வளர்ந்த கிப் கெய்னோவின் திட்டம். சக கென்யரான பென் ஜிப்சோ முதல் சுற்றை ஏறத்தாழ 56 விநாடியில் இழுத்துச் செல்ல, பிறகு கெய்னோ தாமே முன்னேறி, ரயனை ஏறத்தாழ மூன்று விநாடி பின்னுக்குத் தள்ளி 1500 மீட்டரை வென்றார்.

முன்னால் ஓடுவது வேகத்தைக் கூட்டுவதற்கு மட்டுமன்று. 2009இல் பெர்லினில் நம் தென்னாப்பிரிக்க வீரர் முபுலேனி முலாவ்ட்சி முன்னால் நின்று வேகத்தை அடக்கிவைத்து, 1:45.29 என்ற நேரத்தில் 800 மீட்டர் உலகப் பட்டம் பெற்றார். எனக்கு மிகவும் பிடித்த ஓட்டங்களுள் அதுவும் ஒன்று.

(காட்சி: லண்டன், 2012.)

ஒலிம்பிக் 800 மீட்டர் இறுதியில் கென்யாவின் டேவிட் ருடிஷா துணைவரின்றி முதல் சுற்றை 49.28 விநாடியில் கடந்து, 1:40.91 என்ற உலகச் சாதனையுடன் முடித்தார். அவரைத் துரத்தியதால் எல்லோரும் வேகமாக ஓடினார்கள், எட்டாவதாக வந்தவரின் 1:43.77கூட, அதற்கு முந்தைய மூன்று ஒலிம்பிக்குகளிலும் தங்கம் பெற்றிருக்கும்.

இப்போது பெரிய போட்டிகளில் தடத்தின் உள்விளிம்பில் விளக்குகள் ஓடி, வேகத்தைக் காட்டுகின்றன. ஆனால் விளக்கு காற்றைத் தடுக்காது. 2024 பாரிஸ் 1500 மீட்டர் இறுதியில் நார்வேயின் யாக்கோப் இங்கேபிரிக்ட்சன் முன்னின்று முதல் 400 மீட்டரை ஏறத்தாழ 55 விநாடியில் ஓட, அமெரிக்கரான கோல் ஹாக்கர் கடைசி நேரத்தில் அவரைக் கடந்து 3:27.65இல் வென்றார். நான்காவதாக வந்த இங்கேபிரிக்ட்சனின் 3:28.24கூட, டோக்கியோவில் அவரே படைத்திருந்த ஒலிம்பிக் சாதனையைவிட வேகமானது.